ஒருவகை மரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூர் ஏரிப் பூங்காவிற்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. நிழல் பரந்த இடமாகப் பார்த்துப் பாய் விரிக்கப்படுகிறது. வீட்டிலிருந்து கொணர்ந்த சோறும் கறியும் பரிமாறப்படுகின்றன. பிள்ளைகள் ஊஞ்சலை நாடி ஓடுகின்றனர். இளையோர் கைப்பேசியில் படம் பிடிக்கின்றனர். வெயில் ஏறியதும் பாய் சுருட்டப்படுகிறது. அத்துணை நேரம் நிழல் தந்த மரம் எது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வார் இல்லை.

இதனைக் குற்றமாக எடுத்துரைப்பது மிகையென்று சிலர் கருதலாம். ஓய்வு நாளில் இளைப்பாற வந்தவனை நிறுத்தி வைத்துத் தாவரவியல் தேர்வு நடத்துவது முறையோ என்றும் வினவலாம். முறையன்றுதான். இளைப்பாற வந்தவரை விட்டுவிடலாம். ஆனால் அதே பூங்காவின் வாயிலில், பள்ளிப் பேருந்திலிருந்து வரிசை வரிசையாக இறங்குகின்றனரே தமிழ்ப்பள்ளி மாணவர்கள், அவர்களை அழைத்து வந்தோரை அவ்வளவு எளிதாக விட்டுவிட இயலாது. அவர்கள் இளைப்பாற வரவில்லை. "கல்விச் சுற்றுலா" என்று பேருந்தின் முகப்பில் துணிப் பதாகை கட்டிக்கொண்டு வந்திருக்கின்றனர்.

அச்சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால் கல்வி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். காலையில் பறவைப் பூங்கா, பின்னர்க் கோளரங்கம், நாட்டுச் சின்னத்தின் முன் குழுப்படம், உணவு, பிற்பகலில் பேரங்காடி, அங்கே இரண்டு மணி நேரம் "சுதந்திர உலா". இவற்றுக்கிடையே ஏரிப் பூங்கா ஒரு நடைவழியாக மட்டும் பயன்படுகிறது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கழிப்பறைக்கும், கழிப்பறையிலிருந்து உணவு உண்ணும் கொட்டகைக்கும் செல்லும் வழி அது. ஆசிரியர் கூறும் சொற்கள் மூன்றே: "வரிசையாக வா, ஓடாதே, எதையும் தொடாதே."

அந்தப் பூங்கா எதற்காகத் தோன்றியது என்பதையேனும் அழைத்து வந்தவர் அறிந்திருக்க வேண்டும். சிலாங்கூர் மாநிலப் பொருளாளராக இருந்த ஆல்பிரட் வென்னிங் என்பவர் 1888-ஆம் ஆண்டில் இங்கொரு தாவரவியல் பூங்கா அமைக்கலாம் என்று முன்மொழிந்தார். அந்நாளைய ரெசிடெண்டு சுவெட்டன்ஹாம் இசைவளித்தார். புதர்க்காட்டைத் திருத்தி, ஓடையை மறித்து ஏரியாக்கி, 1889-இல் பூங்கா திறக்கப்பட்டது. அறிவுக்காகத் தொடங்கிய இடம் நாளடைவில் உல்லாசத்திற்குரியதாயிற்று. 1975-இல் தாமான் தாசேக் பெர்டானா என்ற பெயர் சூட்டப்பட்டது. 2011-இல் பெர்டானா தாவரவியல் பூங்கா என்று மீண்டும் தன் பழைய நோக்கத்தின் பெயரையே அது பெற்றது. ஏறத்தாழ 92 ஹெக்டேர் நிலம், மாநகரின் நடுவே. பூங்கா தன் பிறவிப் பயனை நினைவு கூர்ந்துவிட்டது. சுற்றுலா அழைத்துச் செல்வோர்தாம் இன்னும் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கின்றனர்.

மரங்களைப் பற்றித் தமிழாசிரியன் ஏன் கவலைப்பட வேண்டும்? அது அறிவியல் ஆசிரியரின் வேலையன்றோ? இவ்வினாவை எழுப்புவோர், நிலத்தையே பூவின் பெயரால் வகுத்த இலக்கியத்தைக் கற்பிப்போர் என்பதுதான் வேடிக்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து விரல்களை மடக்கி எண்ணச் சொல்லித் தருகின்றனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினார் என்று எண்ணிக்கையை மனப்பாடம் செய்விக்கின்றனர். விடைத்தாளில் அவ்வெண்ணுக்கு மதிப்பெண்ணும் தருகின்றனர். அத்தொண்ணூற்றொன்பதில் ஒன்பதையேனும் கண்ணால் கண்டு இன்னதென்று காட்டவல்ல ஆசிரியர் எத்தனை பேர்?

பாடநூலின் அடியில் அருஞ்சொற்பொருள் என்றொரு பகுதி உண்டு. வேங்கை: ஒருவகை மரம். புன்னை: ஒருவகை மரம். கடம்பு: ஒருவகை மரம். ஞாழல்: அதுவும் ஒருவகை மரமே. உரை எழுதியவர் ஒருவகை மரம் என்றார். ஆசிரியர் ஒருவகை மரம் என்றார். மாணவன் ஒருவகை மரம் என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றான். மூவரும் மரத்தைப் பார்க்கவில்லை. அவன் வளர்ந்து ஆசிரியனாகி இன்னொரு தலைமுறைக்கும் ஒருவகை மரம் என்றே ஓதுகிறான். தமிழ் வாழ்கிறது என்று மேடையில் முழங்குவோர் இந்த "ஒருவகை" என்னும் சொல்லுக்குள் எத்தனை காடுகள் அழிந்து கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

கடல் கடந்து வந்த நாட்டில் அம்மரங்கள் ஏது என்று சிலர் சமாதானம் கூறுவர். அறியாமைக்கு நிலவியலைத் துணைக்கழைக்கும் வாதம் இது. கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சாலையோரங்களில் நிற்கும் அங்சானா மரம் வேங்கையின் நெருங்கிய உறவு. ஒரே இனத்தின் இரு கிளை. வறண்ட நாள்கள் கழிந்து மழை பெய்தபின் ஒருநாள் மரம் முழுதும் மஞ்சளாகப் பூக்கும். மறுநாள் பூவெல்லாம் தரையில் கிடக்கும். உதிர்ந்த வேங்கைப் பூக்கள் படிந்த பாறையைப் புலி என்று மருண்ட காட்சியைச் சங்கப் புலவர் மீண்டும் மீண்டும் பாடினர். அக்காட்சியை விளக்குவதற்கு ஆசிரியர் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் மஞ்சள் புள்ளி வைக்கிறார். பள்ளி வாயிலுக்கு வெளியே, மகிழுந்துகளின் கூரைமேல், அவ்வுவமை மழையாகப் பொழிந்து கிடக்கிறது.

புன்னையும் இங்குண்டு. மலாயர் அதனைப் பெனாகா என்பர். பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன் எழுந்த நிலமுனைக்குத் தஞ்சோங் பெனாகா என்ற பழம்பெயர் அம்மரத்தால் வந்ததே. நெய்தல் நிலத்துப் புன்னை மலேசியாவின் முதல் துறைமுக நகர்களுள் ஒன்றிற்கே பெயர் தந்திருக்கிறது! நற்றிணையில் ஒரு தோழி, தலைவனைப் பார்த்து, இப்புன்னையின் நிழலில் சிரித்து விளையாட நாணமாக இருக்கிறது என்கிறாள். விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்து வளர்ந்த மரம் அது. நும்மினும் சிறந்தது, இது உங்கள் உடன்பிறந்தாள் என்று அன்னை சொல்லியிருக்கிறாள். மரத்தை உடன்பிறந்தாள் என்று கூறிய குலத்தில் பிறந்த பிள்ளை, அதே மரத்தின் அடியில் நின்று, "சார், இது என்ன மரம்?" என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பது யாவரும் அறிந்ததே.

கடம்பின் கதை இன்னும் இரங்கத்தக்கது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் பத்துமலையில் திரள்கின்றனர். கடம்பா என்று அழைத்துக் காவடி எடுப்போர் பலர். கடம்பு என்று இன்று தமிழர் வழங்கும் மரம் இந்நாட்டுக் காட்டோரங்களில் தானாகவே முளைத்து விரைந்து வளர்வது. மலாயர் கெலெம்பாயான் என்பர். பந்து போன்று உருண்ட பூ. ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். பக்தி உள்ளத்தில் இருந்தால் போதாதோ, மரத்தை வேறு அறிய வேண்டுமோ என்பார்க்கு விடை கூற வேண்டியதில்லை. ஆனால் தமிழ் கற்பிப்போர் அவ்வாறு கூறித் தப்ப இயலாது.

இனி, வழக்கமாக எழும் மறுப்புகளைப் பார்ப்போம் என்றால் முதலில் வந்து நிற்பது நேரமின்மை. பாடத்திட்டம் முடியவில்லை, தேர்வு நெருங்குகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று; சாக்குப் போகவில்லை. பேரங்காடியில் இரண்டு மணி நேரம் சுற்றித் திரிய நேரம் உண்டு. ஒரு மரத்தின் அடியில் அரை மணி நேரம் நிற்க நேரம் இல்லை என்றால் அதனை நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும். அடுத்தது பாதுகாப்பு. பாம்பு வரும், தேனீ கொட்டும், கிளை முறியும் என்பர். இவை வெறும் அச்சமல்ல. மரம் விழுந்த செய்திகள் வரத்தான் செய்கின்றன. ஆகவே புயல் மழை நேரத்தில் செல்ல வேண்டாம். பாதை விட்டு விலக வேண்டாம். இதற்கு மேல் என்ன சொல்வது? மாநகரச் சாலையைக் கடப்பதைவிடப் பூங்காப் பாதை ஆபத்தானது என்று எந்தத் தலைமையாசிரியரும் நெஞ்சில் கைவைத்துக் கூறமாட்டார்.

மூன்றாவது மறுப்பு வாயால் சொல்லப்படுவதில்லை. அதுவே வலிமை மிக்கது. "மரத்தடியில் கிடந்தது போதும்" என்னும் எண்ணம் அது. தோட்டப்புறத்து லயங்களிலிருந்து வெளியேறி, நகரத்தின் அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கிப் பிள்ளையைக் கணினியின் முன் அமர்த்திய பெற்றோர்க்கு மரம் என்பது பட்ட துன்பத்தின் நினைவு. கொசுவும் அட்டையும் விடியுமுன் எழும் கொடுமையும் அதனோடு ஒட்டிக்கொண்டவை. காடு என்றால் பின்தங்கிய நிலை. குளிரூட்டிய கட்டடம் என்றால் முன்னேற்றம். இவ்வெண்ணத்தை ஏளனம் செய்வது அறமன்று. அதனை ஈன்ற வரலாறு அத்துணைக் கசப்பானது. ஆயினும் அவ்வரலாற்றை முழுமையாக அறியாததனால்தான் கசப்பு மட்டும் எஞ்சியது என்று கூறவேண்டியிருக்கிறது.

அவ்வரலாறு ஒரு பூங்காவில் தொடங்கியது என்பதை எத்தனை பேர் அறிவர்? பிரேசில் நாட்டிலிருந்து விக்காம் என்பவர் 1876-இல் கொண்டு சென்ற ரப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ தாவரப் பூங்காவில் முளைத்தன. 1877-இல் அங்கிருந்து நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. தமிழர் பூமலை என்று அழைக்கும் தாவரப் பூங்காவில் சில நடப்பட்டன, சில பேராக்கின் கோலக்கங்சாருக்குச் சென்றன. 1888-இல் பூமலையின் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பாலெடுக்கும் முறையை வகுத்தார். காப்பிப் பயிரிட்ட துரைமாரிடம் ரப்பர் விதையைக் கொடுத்து நடுமாறு வற்புறுத்தியதால் "பைத்தியக்கார ரிட்லி" என்ற பட்டமும் பெற்றார். அப்பைத்தியம் பலித்தது. பலித்தபின் அம்மரங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. கப்பல் கப்பலாகத் தமிழகத்திலிருந்து கைகள் வந்தன. 2015-இல் பூமலை உலக மரபுடைமைத் தலமாக ஏற்கப்பட்டபோது அதற்குக் கூறப்பட்ட பெருமைகளுள் ரப்பர் ஆய்வும் ஒன்று. அங்கே சென்று வந்த தமிழர், ஆர்க்கிட் மலர்களின் முன் எடுத்த படத்தைத் தவிர வேறு எதனைக் கொண்டு வந்தனர்? தம் பாட்டன் இந்நாட்டில் காலடி வைக்கக் காரணமான நாற்றங்காலில் நின்றோம் என்ற உணர்வு ஒருவருக்கேனும் தோன்றியதா?

பால்மரம் சீவிய கை அறியாதது ஏதுமில்லை. விடியுமுன் குளிரில்தான் பால் நன்கு ஓடும் என்பது அதற்குத் தெரியும். பட்டையில் எவ்வளவு ஆழம் கத்தி இறங்கலாம், எதற்கு மேல் இறங்கினால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும் என்பது தெரியும். இலையுதிர் காலத்தில் பால் குறையும். காய் வெடித்து விதை சிதறும் ஓசை எவ்வளவு தொலைவு கேட்கும். ஈர மரத்தில் ஏன் கத்தி வைக்கக்கூடாது. இவையெல்லாம் ஏட்டில் படித்ததன்று. பல்கலைக்கழகம் இதற்கு ஒரு பெயர் சூட்டிப் பட்டம் வழங்குகிறது. தமிழ்ச் சமுதாயம் இதற்குப் "படிக்காத பாட்டி" என்று பெயர் சூட்டி வீட்டு மூலையில் அமர்த்தியிருக்கிறது. சுற்றுலாவிற்கு வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், அப்பாட்டிமாருள் ஒருவரைப் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்லட்டும். மாநகரின் நடுவே, கோபுரத்தின் காலடியில், புக்கிட் நானாஸ் காடு இருக்கிறது; 1906-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டுக் குறைந்து குறைந்து இன்று ஒன்பது ஹெக்டேர் அளவில் எஞ்சியிருப்பது. அங்கே ஒரு ஜெலுத்தோங் மரம், நூறு வயதைக் கடந்தது, கோபுரம் கட்டியபோது வெட்டப்படவிருந்தது. 4 இலட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் செலவழித்துக் கட்டட அமைப்பையே மாற்றி அதனைக் காத்தனர். ஜெலுத்தோங்கும் பால் வடிக்கும் மரம். மெல்லும் கோந்து செய்ய ஒரு காலத்தில் அதன் பாலை எடுத்தனர். அம்மரத்தின் முன் பாட்டியை நிறுத்தி, "இதில் எப்படிப் பாலெடுப்பீர்கள்?" என்று ஒரு சிறுமி கேட்கட்டும். அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையைவிடச் சிறந்த வாய்மொழிப் பாடம் எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை.

பூங்காவும் காடும் வசதி படைத்தோரின் கவலை, ஏழைக்கு முதலில் வீடு வேண்டும் என்போரும் உளர். இவ்வாதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் புக்கிட் கியாராவே சான்று. அங்கிருந்த ரப்பர்த் தோட்டத்தை 1980-களின் தொடக்கத்தில் அரசு கையகப்படுத்தியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நூறளவில் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. தற்காலிகம் என்ற சொல்லுக்கு நாற்பது ஆண்டு என்று பொருள் என அவர்கள் பின்னர்த்தான் அறிந்தனர். அவர்களுக்கு நிலையான வீடு கட்டித் தருவதாகக் காரணம் காட்டி, அருகிலுள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் வானளாவிய அடுக்ககங்கள் எழுப்ப 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தார் வழக்காடினர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் அவ்வனுமதியைத் தள்ளுபடி செய்தது. கூட்டரசு நீதிமன்றம் 2023-இல் அத்தீர்ப்பை உறுதி செய்தது. இதில் வியப்பு யாதெனில், தோட்டக்காரரின் வீடும் நகரத்தாரின் மரமும் ஒன்றுக்கொன்று பகை என்பது போல ஒரே தராசில் எதிரெதிரே வைக்கப்பட்டதே. வீடு தருவது கடமை; அதற்கு மரத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அந்நிலத்தில் வியர்வை சிந்தியவரின் பேரப்பிள்ளைக்கு அப்பூங்காவில் நடக்கும் உரிமை எவருக்கும் குறைந்ததன்று. உரிமையை உணராதவன் பூங்கா போனாலும் அறியான், இருந்தாலும் அறியான்.

மரங்களின் பெயர்ப்பலகையில் தமிழ் இல்லையே என்று குறைகூறி மனு எழுத ஆயத்தமாகும் இயக்கங்களும் உண்டு. மனு எழுதுவது இச்சமுதாயத்தில் எளிதில் கைவந்த கலை. பலகையில் தமிழ் வரட்டும், வேண்டாம் என்பாரில்லை. ஆனால் பலகையில் எழுதித் தரும்படி அதிகாரிகள் கேட்டால், எந்த மரத்திற்கு எந்தப் பெயர் என்று சொல்ல யார் முன்வருவார்? மகிழம்பூவைத் தஞ்சோங் என்று மலாய்ப் பிள்ளை அறிகிறது. காய்ந்தபின்னும் மணம் மாறாத அப்பூவைத் தமிழ்ப் பிள்ளை காலால் மிதித்துச் செல்கிறது. பிள்ளையின் வாயில் பெயர் ஏறாதவரை, பலகையில் ஏறிய பெயர் வண்ணக்காரரின் எழுத்துப் பயிற்சியாகவே நிற்கும்.

செய்ய வேண்டியது சிறிது, செலவும் இல்லை. ஒரு சுற்றுலாவிற்கு ஐந்து இடங்கள் வேண்டா. ஒரு பூங்கா போதும். ஐம்பது மரங்களும் வேண்டா, மூன்று போதும். ஆசிரியர் முதல் வாரமே தனியே சென்று அம்மூன்றையும் பார்த்து வரவேண்டும். இதுவே பலருக்குக் கசப்பாக இருக்கும். பயிற்சிக் காலத்தில் துணைக்கருவி செய்யக் கற்ற கை, அட்டையில் மரம் வரையும், வண்ணத்தாள் ஒட்டும், இப்போது திரையிலும் காட்டும். உண்மை மரம் வாயிலுக்கு அப்பால் நிற்க, அதன் படத்தை வெட்டி ஒட்டுவதற்குத் துணைக்கருவி என்று பெயர். பயிற்சி ஆசிரியர்களை ஒருநாள் ஒரு மரத்தடியில் நிறுத்தி, கரும்பலகையும் திரையும் இன்றி, அரை மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லும் வழக்கம் வரவேண்டும். எவர் தடுமாறுகிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாணவர் கையில் வினாத்தாள் கொடுக்க வேண்டா. உதிர்ந்த இலையை எடுக்கட்டும்; பறிக்க வேண்டா. பட்டையைத் தடவிப் பார்க்கட்டும். நாகலிங்க மரம் கண்ணில் பட்டால் பூ ஏன் கிளையில் பூக்காமல் அடிமரத்தில் பூக்கிறது என்று அவர்களே கேட்பர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அயல்மரத்திற்கு நாகமும் லிங்கமும் கண்டு பெயரிட்டுச் சிவன் கோயிலில் இடமும் கொடுத்த தமிழரின் துணிவை அப்போது சொல்லலாம். அயலதைத் தனதாக்கும் ஆற்றல் மொழிக்கு இருந்த காலம் அது. மாலையில் எழுதச் சொல்லும் கட்டுரைக்கு "நான் சென்ற கல்விச் சுற்றுலா" என்ற தலைப்பைத் தவிர்த்தாலே பாதி வெற்றி. அத்தலைப்பில் எழுதப்படும் கட்டுரைகள் அனைத்தும் காலையில் எழுந்து பல் துலக்குவதில் தொடங்கி, அலுப்புடனும் மகிழ்ச்சியுடனும் வீடு திரும்புவதில் முடியும். இடையில் மரம் வராது.

ஒன்று மட்டும் நேரத்தோடு ஒட்டியது. பூங்காவில் குடை விரித்தாற்போல் நிற்கும் பெருமரங்களைத் தமிழர் தூங்குமூஞ்சி என்பர். மழைமேகம் கவிந்தாலும் பொழுது சாய்ந்தாலும் அது இலைகளை மடித்துக்கொள்ளும். மலாயரும் ஹுஜான் ஹுஜான் என்று மழையின் பெயரையும், புக்குல் லிமா என்று ஐந்து மணியின் பெயரையும் அதற்கு இட்டனர். இரு மக்களும் ஒரே மரத்தில் ஒரே செய்கையைக் கண்டு, தத்தம் மொழியில் பெயர் சூட்டியிருக்கின்றனர். ஒப்புமை இலக்கணம் கற்பிக்க இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அது இலை மடிப்பதைக் காண மாலைவரை காத்திருக்க வேண்டும். கல்விச் சுற்றுலாப் பேருந்து மூன்று மணிக்கே பேரங்காடிக்குப் புறப்பட்டுவிடுகிறது.